முப்பிடாதி சொல்லாத சரி

எங்கள் ஊருக்கு வராத பஸ், ஏன் வரவில்லை என்று சொல்வதற்காகத் தினமும் காலையில் வரும்.

வந்து தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். கண்டக்டர் இசக்கிராஜ் இறங்கி, விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கைகூப்பிக் காரணம் சொல்வான். டயர் தேய்ந்துவிட்டது, டிரைவருக்குத் தேர்தல் வேலை, பாலத்தில் பள்ளம் என்று ஏதாவது இருக்கும். டிரைவர் சவரிமுத்து ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அதற்கெல்லாம் தலையாட்டுவார். நாங்கள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, என்ன செய்ய, போயிட்டு வாங்க" என்போம். பஸ் வந்த வழியே திரும்பி டிப்போவுக்குப் போய்விடும். யாரும் அதில் ஏறுவதில்லை. வராத பஸ்ஸில் எப்படி ஏறுவது?

முன்பெல்லாம் பஸ் வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்றே தெரியாது. மனு கொடுத்துப் பார்த்தோம், ரோட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கடைசியில் அரசாங்கம் செவிசாய்த்தது. வராதது எதுவானாலும் நேரில் வந்து மக்களிடம் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் அத்தனை பேரும் சரி என்று சொல்லும்வரை திரும்பிப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். இவ்வளவு தூரம் வந்து ஒருத்தன் கைகட்டி நின்றால் அவன் மனம் நோகப் பேச வாய் வராது. வெயிலில் வந்திருக்கிறானே என்று முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்போம். பிறகு சரி சொல்லிவிடுவோம்.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நான் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் முதல் ஆளாகச் சரி சொல்கிறவன் நான்தான். சில நாள் இசக்கிராஜ் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவேன். "உங்க வாய்க்கு ஒரு சுவிட்ச் போட்டாத் தேவல" என்பாள் என் மனைவி முப்பிடாதி.

தாலுகா ஆஸ்பத்திரியிலும் இதே முறைதான். அங்கே பிரசவம் பார்க்கும் டாக்டர் பணியிடம் காலியாகவே இருக்கிறது. அந்தக் காலியிடத்துக்கு நியமிக்கப்படாத டாக்டர் அம்மா தினமும் வெள்ளைக் கோட்டுடன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, தான் ஏன் இன்னும் நியமிக்கப்படவில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்குவார். தன்மையான மனுஷி. வலியோடு வந்தவர்களும் அவரிடம் சரி சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுக்கொண்டு போவார்கள்.

எங்கள் மூத்த பிள்ளையின் பிரசவத்தில் முப்பிடாதிக்கு வலி கண்டபோது பஸ் வந்து காரணம் சொன்னது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டு அவளும் சரி என்றாள். கடன் சொல்லி ஒரு வேன் பிடித்துப் போனோம். பாதி வழியில் பையன் பிறந்தான். தங்கவில்லை. அதன்பிறகு பல வருஷம் அவள் அந்தத் தண்ணீர்த்தொட்டிப் பக்கமே போகமாட்டாள், தண்ணீருக்கு மேலத் தெருவுக்குத்தான் போவாள்.

இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்ததும் காலையில்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முப்பிடாதி நிதானமாகத் தலையை வாரி முடிந்துகொண்டு, தண்ணீர்த்தொட்டிக்கு நடந்தாள். பஸ் வந்திருந்தது. அன்றைக்குக் காரணம் கிளட்ச். இசக்கிராஜ் சொல்லி முடித்தான். எல்லோரும் சரி என்றார்கள். நானும் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன். முப்பிடாதி மட்டும் சொல்லவில்லை.

இசக்கிராஜ் அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, முடிச்சிட்டேன்" என்றான்.

"கேட்டேன்" என்றாள் அவள். படியில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

இசக்கிராஜ் டிரைவரைப் பார்த்தான். சவரிமுத்து அனுபவஸ்தர். உத்தரவை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை சரி சொல்லாம நாம திரும்பிப் போகத்தான் கூடாது. முன்னால போறதப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்லையேப்பா" என்றார். ஆஸ்பத்திரி முன்னால்தான் இருந்தது. நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க இசக்கிராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளட்ச் விஷயத்தை மறுபடி மறுபடி விளக்கிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா நியமன விவரத்தைச் சொன்னார். முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சரி சொல்லவில்லை. டாக்டர் அம்மாவால் எழுந்து போக முடியவில்லை. சும்மா உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் பேசுவார்? கையுறையை மாட்டிக்கொண்டு, பேசியபடியே பிரசவம் பார்த்தார். கவுன்சிலிங் தள்ளிப்போனதைச் சொல்லும்போது தலை தெரிந்தது. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருப்பதைச் சொல்லும்போது பெண் குழந்தை வெளியே வந்தது. நான் கதவுக்கு வெளியே நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டு நிலைமையை விளக்கினாள். பஸ் வரவில்லை, டாக்டர் இல்லை, ஆகவே பிரசவம் நடக்கவில்லை, குழந்தையும் வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. துணியில் சுற்றிக் கிடந்த குழந்தை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டு, "மன்னிக்கணும்மா, என்னால வர முடியாமப் போச்சு" என்று ஆரம்பித்தது. குரல் கொஞ்சம் என் மாமியார் குரல் மாதிரி இருந்தது.

நான் முப்பிடாதியைப் பார்த்தேன். இவள் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குழந்தை போய்விடும். முப்பிடாதி அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.

பிள்ளைக்குத் தங்கச்செல்வி என்று பெயர் வைத்தோம். நன்றாக வளர்ந்தாள். பால் குடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் காரணம் சொல்வாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். என்றைக்காவது முடிந்துவிடும்போல் இருந்தால் முப்பிடாதி ஒரு சந்தேகம் கேட்பாள். எங்கள் வீட்டில் சரி என்ற வார்த்தையையே விட்டுவிட்டோம். கடையில் யாராவது மோட்டாரை மாலைக்குள் கட்டித்தரச் சொன்னால் "ம்" என்று மட்டும் சொல்கிறேன்.

பஸ்ஸும் அதன்பின் டிப்போவுக்குத் திரும்பவில்லை. முன்னால் மட்டுமே போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வழியாக, அடுத்தடுத்த ஊர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக எங்கள் ஊருக்கு வந்து, நிற்காமல் நின்று, மறுபடி முன்னால் போகும். ஜனங்கள் ஏறிப் பழகிவிட்டார்கள். சவரிமுத்துவின் மனைவி தூக்குவாளியோடு வழியில் ஏறி, அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு இறங்குவாள். டாக்டர் அம்மாவும் நாற்காலியை விட்டுப் போகவில்லை. சுற்றுவட்டாரப் பிரசவமெல்லாம் அவர்தான் பார்க்கிறார், விளக்கம் சொல்லிக்கொண்டே.

இது மேலிடத்துக்குத் தெரிந்துபோனது. ஒரு நாள் மத்தியானம் வேதநாயகம் என்ற அதிகாரி பஸ்ஸிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். கலெக்டர் வர முடியாத காரணத்தைச் சொல்ல வந்ததாகச் சொன்னார். முப்பிடாதி தண்ணீர் கொடுத்துவிட்டு, முறத்தில் சின்ன வெங்காயத்தை வைத்து உரித்தபடி கேட்டாள். அவர் சொல்லி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வார்த்தைதாம்மா. நீங்க சொல்லிட்டீங்கன்னா நான், டிரைவர், கண்டக்டர், டாக்டர் எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போயிருவோம்" என்றார்.

"எம் மகளும் போயிருவா" என்றாள் முப்பிடாதி.

"ஆமாம்மா. முறைப்படி அப்படித்தான்."

அந்த நேரம் பார்த்து உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த தங்கச்செல்வி எழுந்து வந்தாள். இரண்டு வாக்கியம் சொன்னாள். பிறகு, "அவ்வளவுதாம்மா, முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுக் கைகூப்பி நின்றாள். வாசலில் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

முப்பிடாதி வெங்காயத் தோலை ஊதித் தள்ளினாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. மொதல்ல இருந்து சொல்லு" என்றாள்.

பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதிகாரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்வார். காலையில் தங்கச்செல்விக்கு ஜடை போட்டு பஸ் ஏற்றிவிடுவார். நல்ல உழைப்பாளி.

ஒரு நாள் சாப்பிடும்போது முப்பிடாதி அவரிடம் கேட்டாள்: "சார், வராதது எல்லாம் வந்து பதில் சொல்லணும்னுதானே உத்தரவு?"

"ஆமாம்மா. எல்லாம்."

"எங்க மூத்தவன் வரலையே சார். பஸ் வந்து சொல்லிச்சு. டாக்டர் வந்து சொன்னாங்க. அவன் ஏன் வரலன்னு இதுவரைக்கும் யாரும் வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

அதிகாரி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அது விட்டுப்போச்சும்மா" என்றார். "எங்க பக்கம்தான் தப்பு." கையைக் கழுவிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரையோ கூப்பிட்டுச் சத்தம் போட்டுப் பேசுவது கேட்டது. அவர் அப்படிச் சத்தம் போட்டு நாங்கள் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் பஸ் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்தது. இசக்கிராஜ் கையைப் பிடித்து ஒரு பையனை இறக்கிவிட்டான். தங்கச்செல்வியைவிட ஒரு சாண் உயரம் இருப்பான். என்னுடைய நெற்றி. தூக்கக் கலக்கத்தோடு வாசல்வரை நடந்து வந்து, கைகூப்பி நின்றான்.

"மன்னிக்கணும்மா. அன்னைக்கு என்னால..."

"இரு" என்றாள் முப்பிடாதி. உள்ளே போய் இன்னொரு தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டாள். "மொதல்ல கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடு. அவசரமில்ல, மெதுவாச் சொல்லலாம்."

நான் அவனுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினேன்.