பிள்ளை ஜாடையில் பெற்றோர்

ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் வசிக்கும் திருமலை, தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய்க்கு விற்ற ஒரு புதன்கிழமை காலையில், தம் மகளின் மூக்கோடு விழித்தெழுந்தார். மகளின் மூக்கு மகளிடமே இருந்தது. அதற்கு நேர் ஒப்பான, நுனி சற்று மேல்நோக்கிய, சிறிய, வெளுத்த மூக்கு ஒன்று அவருடைய அகன்ற முகத்தின் நடுவே அமர்ந்திருந்தது. கன்னங்களில் அவளுடைய புள்ளிகளும் இருந்தன. சுவாசத்துக்குத் தடை ஏதும் இல்லை. கண்ணாடி மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது.

இதன் காரணத்தைத் தெருவினர் அனைவரும் அறிவர். அறியாதவர்களுக்காக மட்டும் இங்கே சொல்லப்படுகிறது. திருமலையும் மனைவி மணிமேகலையும் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவர்கள். கணவர் கியர் தயாரிக்கும் தொழிற்சாலையில் பொறியாளர். மனைவி பள்ளியொன்றில் இயற்பியல் ஆசிரியை. தொழிற்சாலை திருமலையைச் சில ஆண்டுகள் லாத்வியா நாட்டுக்கு அனுப்பிவைத்தது. பிள்ளைப் பேறு வாய்க்காத தம்பதியர் அங்கே காப்பகத்திலிருந்த இல்ஸே என்னும் சிறுமியை முறைப்படி தத்தெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். செம்பட்டைத் தலைமுடியும் கன்னமெங்கும் தவிட்டு நிறப் புள்ளிகளும் கொண்ட அக்குழந்தை, வந்த மாதமே தயிர்ச்சோற்றுக்கு மாங்காய்த் தொக்கு கேட்கப் பழகிவிட்டது. ஆகவே வீட்டுக்குள் யாதொரு சிக்கலும் இல்லை. சிக்கல் பார்க்க வந்தவர்களுக்குத்தான். இத்தெருவில் ஒரு குழந்தையை முதன்முறை காண வருபவர், அது யாருடைய ஜாடை என்று சொன்ன பிறகே உட்காருவார். சொல்லாமல் உட்கார்ந்து காபி குடிப்பது, செருப்புக் காலோடு பூஜை அறைக்குள் போவதற்கு ஒப்பான மரியாதைக் குறைவாகும். பால் ஊற்றும் கெம்பம்மா மூன்று முறை வந்து, குழந்தையின் முகத்தை நெடுநேரம் பார்த்து, நின்றபடியே திரும்பிப் போனார்.

“அப்பன் மாதிரின்னு சொல்ல மனசு வரல, அம்மா மாதிரின்னா கண்ணு ஒத்துக்கல” என்று அவர் தெருவெல்லாம் புலம்பினார். கெம்பம்மா வீட்டில் கன்னடமும், மாடுகளிடம் தெலுங்கும், பால் வாங்குபவர்களிடம் தமிழும் பேசுபவர். எம்மொழியிலும் பொய் சொல்லிப் பழகாதவர். நான்காவது முறை வந்தபோது அவருக்கு ஒரு வழி புலப்பட்டது. “ஏம்ப்பா திருமலை, கொழந்த உன்ன மாதிரி இல்ல. நீதான் கொழந்த மாதிரி இருக்கற” என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தார். மறுநாள்தான் மேற்படிப் புதன்கிழமை.

தெருமுனையில் பேக்கரி நடத்தும் அதாவுல்லாவின் மனைவி அதியாவுக்கு இது நியாயமாகப் படவில்லை. “அதென்ன அப்பனுக்கு மட்டும்? மணி, உனக்குக் கன்னம் அப்படியே பொண்ணோடதுதான்மா” என்று அன்று பிற்பகலே வந்து சொன்னார். மாலைக்குள் மணிமேகலையின் முகத்திலும் புள்ளிகள் வந்து சேர்ந்தன. மூக்கும் உடன் வந்தது. அவர் அவற்றைப் பள்ளி ஆய்வகத்து லென்சால் ஆராய்ந்து, பரவல் சீராக இருப்பதாகக் கண்டு, விடைத்தாள் திருத்தப் போய்விட்டார். தொழிற்சாலை வாயிலில் முகம் பார்த்து வருகையைப் பதியும் இயந்திரம் மட்டும் திருமலையை ஏற்க மறுத்தது. “மெஷின் உங்கள வெளியாளுன்னு சொல்லுது சார். விசிட்டர்னு போட்டுக்கறேன். யாரப் பாக்க வந்தீங்க?” என்றார் காவலர் கரியப்பன். “என்னைத்தான்” என்றார் திருமலை. புதிய புகைப்படம் பதிவாகும் வரை சில மாதங்கள் அவர் தம்மையே காண வந்த விருந்தினராகப் பணியாற்றி, அவ்வாண்டின் சிறந்த பொறியாளருக்கான குத்துவிளக்கையும் பெற்றுக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, நீண்ட சட்ட நடைமுறைகளுக்குப் பிறகு, ஆப்பிரிக்காவில் உள்ள டோகோ நாட்டிலிருந்து கோசி என்னும் மூன்று வயதுச் சிறுவன் அவ்வீட்டுக்கு வந்தான். நல்ல கறுப்பு, சுருண்ட முடி, அகன்று அழகான மூக்கு. “ரெண்டாவதையும் அந்த வெள்ளக்கார ஊர்லயே பாத்துருக்கலாம்ல, ஜோடியா இருந்துருக்கும்” என்று விருதுநகரிலிருந்து ஒரு சித்தி தொலைபேசியில் வருந்தினார். “வளையலா வாங்கப் போனோம் சித்தி, ஜோடி பாக்க?” என்று கேட்டுவிட்டு மணிமேகலை இணைப்பைத் துண்டித்தார். அவருக்கு வேறு கவலை இருந்தது. இறுதி ஆணைக்கு முன்பு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, கோப்பிலுள்ள புகைப்படத்தில் இருப்பவர்கள்தாம் பெற்றோர் என்று உறுதி செய்ய வேண்டும். ஐயம் எழுந்தால் சிறுவன் திருப்பி அனுப்பப்படுவான். அப்படத்தில் இருவரும் இல்ஸேயின் மூக்கோடும் புள்ளிகளோடும் இருந்தார்கள். ஆகவே மணிமேகலை வீடு வீடாகப் போய், அதிகாரி வந்து செல்லும்வரை ஜாடையைப் பற்றி எவரும் வாய் திறக்கலாகாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். தெரு கட்டுப்பட்டது. கெம்பம்மா பாலைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்தபடி நடந்தார். அதிகாரியோ முதலில் தேர்தல் பணியாலும், பிறகு தேன்கனிக்கோட்டைச் சாலையில் யானைகள் நின்றதாலும் வருகையைத் தள்ளிப்போட்டார்.

இதற்கிடையில் கோசி கட்டிலுக்கு அடியில் குடியேறினான். அந்த வீட்டு நிலைக்கண்ணாடியில் மூன்று பேருக்கு ஒரே மூக்கு என்பதை அவன் வந்த வாரமே கவனித்திருந்தான். உணவும் உறக்கமும் அங்கேயே. தமிழ் பிடிபட்டதும் இல்ஸேயிடம் முதல் கேள்வியைக் கேட்டான்.

“அக்கா, நான் யாரூட்டுப் பையன்?”

“நம்மூட்டுப் பையன்தான்டா.”

“அப்பறம் மூக்கு?”

இல்ஸே எழுந்து சமையலறைக்குப் போய், “அம்மா, எம் மூக்கத் திருப்பிக் குடுத்துருங்க. எனக்குத்தான் ஒண்ணு இருக்குல்ல. தம்பியோடத நீங்க வச்சுக்கங்க” என்றாள்.

அதிகாரி வருவதாக இருந்ததோ மறுநாள் காலையில். திருமலை பதறிப்போனார். “இவ்வளவு நாள் பொறுத்தாச்சு மணி. நாளைக்கு ஒருநாள் பொறுக்கக் கூடாதா? படத்துல இருக்கற மாதிரி இல்லன்னா பிள்ளையக் கொண்டுபோயிருவாங்க.”

“படத்துக்காக மூஞ்சிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். அவன் கட்டிலுக்கடியில கெடக்கான். இப்ப மட்டும் அவன் நம்மகிட்டயா இருக்கான்?” என்று மணிமேகலை அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கெம்பம்மாவை அழைத்து, “அக்கா, சொல்லிருங்க” என்றார்.

மாதக்கணக்கில் அடக்கிவைத்திருந்ததைக் கெம்பம்மா ஒரே மூச்சில் கொட்டினார். “மூக்கு கோசி, முடி கோசி, காது கோசி, உதடு கோசி, கால் கட்டைவெரல் வரைக்கும் கோசி! புள்ளி மட்டும் பொண்ணோடதா இருக்கட்டும், பாவம். கலருக்குக் கஷ்டமே இல்ல திருமலை, நீ பாதி வழி முன்னாடியே வந்துட்ட.” சொல்லி முடித்ததும் சொம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மறுநாள் விடிந்ததும் கோசி கட்டிலுக்கு அடியிலிருந்து பார்த்தபோது, முதலில் தெரிந்தவை மணிமேகலையின் பாதங்கள். அவற்றின் கட்டைவிரல்களைத் தன்னுடையவற்றோடு ஒப்பிட்டான். மெல்லத் தலையை நீட்டி மேலே பார்த்தான். பிறகு வெளியே வந்து, அவர் இடுப்பில் ஏறிக்கொண்டு, மூக்கைத் திருகிப் பார்த்து, உறுதியாக இருப்பதாகத் திருப்தியடைந்தான்.

பத்து மணியளவில் கிருஷ்ணகிரியிலிருந்து அதிகாரி சாந்தம்மா வந்தார். கோப்பைத் திறந்து, “இவங்க ரெண்டு பேரும் வெளிய போயிருக்காங்களா?” என்று கேட்டார். “நாங்கதான் மேடம்” என்றார் திருமலை. சாந்தம்மா படத்தைப் பார்த்தார், எதிரே நின்ற சுருள்முடிக்காரர்களைப் பார்த்தார், இடுப்பில் இருந்த சிறுவனைப் பார்த்தார். அவர் நின்றுகொண்டே இருந்தார். பர்கூரில் பிறந்தவரான அவருக்கும் ஜாடை சொல்லாமல் உட்காரும் பழக்கம் இல்லை. தத்தெடுத்தவர்களின் வீடுகளில் பொய் சொல்ல அஞ்சி, பணிக்காலம் முழுவதும் நின்றபடியே விசாரணை நடத்தி, முழங்கால் வலியைத் தேடிக்கொண்டவர். இப்போது அவர் முகம் மலர்ந்தது.

“பையன் அப்படியே அம்மா ஜாடைங்க” என்றார். சொன்னதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

“அந்தப் படம், மேடம்...” என்று திருமலை வாயெடுத்தார்.

சாந்தம்மா தம் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைத் தூக்கிக் காட்டினார். “இது நான்தான்னு எங்க ஊட்டுக்காரரே ஒத்துக்க மாட்டாரு. விடுங்க சார். காபில சர்க்கர கம்மியா.” இரண்டாவது டம்ளர் முடிவதற்குள் நடந்த கதை முழுவதையும் கேட்டறிந்து, அறிக்கையில் கையொப்பமிட்டுவிட்டு, மறுநாள் விசாரணை இருந்த குருபரப்பள்ளி வீட்டுக்காரர்களுக்காகக் கெம்பம்மாவின் கைப்பேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாதமே இறுதி ஆணை வந்தது. இப்போதெல்லாம் அத்தெருவில் ஒரு குழந்தை வந்தால், பிறந்து வந்தாலும் விமானத்தில் வந்தாலும், பார்க்க வருபவர்கள் முதலில் பெற்றோரின் முகத்தைப் பார்த்துவிட்டே தொட்டிலுக்குப் போகிறார்கள். பொதுவாக மறுநாளே தெரிந்துவிடும். அதியாவின் மருமகன் அஜாஸுக்கு மட்டும், மகள் பிறந்து மூன்று மாதங்களாகியும், அவளுடைய ஒற்றைப் புருவம்தான் வந்திருக்கிறது. மற்றது வரட்டும் என்று அவர் முகச்சவரம் செய்யாமல் காத்திருக்கிறார்.