ஒன்பது ஐந்து வண்டி

சாவியைக் கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது, அது நேற்று ஓட்டிய புது வண்டியின் சாவி இல்லை. "அதுவா? தலைமை ஆபீஸுக்குப் போயிருச்சுப்பா. அங்கயும் போட்டோ எடுக்கணுமாம்," என்றார் டிப்போ மேனேஜர். எனக்கு வாய்த்தது வழக்கமான பழைய பஸ். ஏற மூன்று உயரமான படிகள்.

முந்தின நாள் கம்பெனியின் சமூகப் பொறுப்பு விழா. ஒரு நிறுத்தத்தில் பேனர், காமிரா, நாலைந்து அதிகாரிகள். புது வண்டியின் வாசலிலிருந்து ஒரு பலகை சாய்வாக இறங்கும். சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி உள்ளே ஏற்றலாம். அதைக் காட்டுவதற்காகப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். முப்பது வயதிருக்கும். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் காட்டினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் என்னை யாரும் படம் எடுத்ததில்லை. தலைகால் புரியவில்லை.

படம் எடுத்து முடிந்ததும் அவள் கேட்டாள். "அண்ணே, இந்த வண்டி தினமும் வருமா? மார்க்கெட்டுகிட்ட ஒரு தையல் கடையில வேலை தரேன்னாங்க. வந்துபோக வழியிருந்தா நாளைக்கே வரச் சொல்றாங்க."

மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"நான்தாம்மா வருவேன். ஒம்பது அஞ்சுக்கு இங்கயே நில்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அந்த நிறுத்தத்தை நெருங்கும்போது மணி ஒன்பது எட்டு. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தலையைப் படிய வாரியிருந்தாள். மடியில் சாப்பாட்டுப் பை. கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்கண்ணே," என்றான் கண்டக்டர். "நாலு பேரு கைகுடுத்தா தூக்கி வச்சிரலாம்."

தூக்கியிருக்கலாம்தான். இறங்கிப்போய் அவள் முகத்தைப் பார்த்து, நான் சொன்னது பொய்யாகிவிட்டது என்று சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் எனக்குத் துப்பில்லை. "ஏற்கெனவே லேட்டு," என்று வண்டியை நடுரோட்டுக்கு ஒடித்து அழுத்தினேன். கண்ணாடியில் அந்தக் கை இறங்காமலே சின்னதாகிக்கொண்டு போனது. கண்டக்டர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே நிறுத்தினேன். அவள் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அங்கே இருந்தாள், அவளுடைய அக்காவோடு. இந்தத் தடவை இறங்கினேன். சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினேன்.

அவள் முந்திக்கொண்டாள். "அண்ணே! நல்லாருக்கீங்களா? அன்னைக்கு வேற எவனோ ஒரு புண்ணியவான் நிக்காமயே போயிட்டான். கடையில வேற ஆள வச்சுட்டாங்க." பிறகு அக்காவிடம் திரும்பி, "இவரு இருந்திருந்தா விட்டுட்டுப் போயிருப்பாரா?" என்றாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு உங்களுக்கு லீவாண்ணே?"

கண்டக்டர் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா," என்றேன். "லீவு."

அவன் விசில் கொடுத்தான். வண்டியை எடுத்தேன். அந்த வாரம்தான் எங்கள் பழைய வண்டியின் பக்கவாட்டில் அந்தப் படத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தார்கள்: சாய்வுப் பலகைமேல் அவளும் நானும், 'எல்லோருக்கும் இடமுண்டு' என்ற எழுத்துக்குக் கீழே. கண்ணாடியில் பார்த்தேன். அவள் அக்காவின் கையைத் தட்டித் தட்டி, படத்திலிருந்த எங்கள் இரண்டு பேரையும் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.