மருதாணிக்கு முந்திய குளியல்

சூடேறிய இடுக்கியின் இரண்டு தகடுகளுக்கு நடுவே சுருளாகப் போன ரீமின் கூந்தல், பட்டு நூலாக வெளியே வந்தது. முடி அலங்காரக் கடையில் வேலை பார்க்கும் மன்னூபியா கடைசிக் கற்றையையும் இழுத்து முடித்தாள். சற்று முன் அலசியபோது இதே கூந்தல் நனைந்த ஆட்டுக் கம்பளி போலப் புசுபுசுவென்று நாலாபக்கமும் எழும்பி நின்றதை அவள் விரல்கள் மறக்கவில்லை.

ஏழாம் வகுப்பில் மன்னூபியாவைப் பாத்திரம் தேய்க்கிற நார் என்று முதலில் கூப்பிட்டவள் இந்த ரீம்தான். வகுப்பே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பின்னாலிருந்து அவள் முடிக்குள் பென்சில்களைச் செருகிவிட்டார்கள். கரும்பலகைவரை போய்த் திரும்பியும் எட்டில் ஒன்றுகூட விழவில்லை. மறுநாள் வயிற்று வலி என்று வீட்டில் படுத்தவள்தான், பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை. ஏழு வருடமாகியும் அந்த வலி தீரவில்லை.

அப்போது ரீமின் கூந்தல் இடுப்புவரை வழுவழுவென்று தொங்கும். அதுவும் இதே நார்தான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. முடியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து நேராக்கியதில் காதோரம் விழுந்திருந்த பழைய சூட்டுத் தழும்பு மிச்சத்தைச் சொல்லிவிட்டது. ஆறிப்போயிருக்க வேண்டிய அவமானம் மறுபடி கொதித்தது. ரீமோ அவளை அடையாளம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு, ரீமைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் தாய் லல்லா பஹீஜா உள்ளே வந்தாள். கண்ணாடியில் ரீமின் முகம் வெளுத்தது. மன்னூபியாவின் கை, வாடிக்கையாளரின் ரகசியம் காக்கும் தொழில் பழக்கத்தில், இடுக்கியைத் துண்டுக்கு அடியில் தள்ளியது.

"நுனி வெட்ட வந்தேன் அத்தை," என்றாள் ரீம்.

லல்லா அந்தக் கூந்தலை உள்ளங்கையில் ஏந்தி, பிறவியிலேயே இப்படி நேராக இருக்கிற முடிக்காகத்தான் பிஸெர்த் நகரம் முழுக்கப் பெண் பார்த்தேன் என்று பூரித்தாள். பிறகு குறை சொல்லத் தொடங்கினாள். கல்யாண மருதாணிக்கு முன்னால் மாமியார் மருமகளை ஹம்மாமுக்கு, ஊர்ப் பொது நீராவிக் குளியலுக்கு, கூட்டிப்போவது முறை. இவளோ சளி, தலைவலி என்று மூன்று தடவை தட்டிக்கழித்துவிட்டாளாம்.

"ஊர்ல இல்லாத வெக்கம் இவளுக்கு."

கடையில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாலே அதிகம், மன்னூபியா. இன்றைக்கு நாக்கு தானாக எழுந்தது.

"இப்பத்தான் எண்ணெய் வெச்சிருக்கேன் லல்லா. ஆவி பட்டாத்தான் மினுமினுப்பு ஏறும். இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன், தலைக்கு நானே தண்ணி ஊத்துறேன்."

ரீம் எழுந்து கூந்தலை ஒரு துண்டுக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஹம்மாமின் உள்ளறையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கல் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகளின் முடியை நாத்தனார்கள் பார்க்க வேண்டாமா என்று, ரீம் தலையில் இறுக்கியிருந்த துண்டை லல்லாவே உருவிப்போட்டாள். ரீம் முதுகை வளைத்துக் குனிந்து மன்னூபியாவின் காலடியில் உட்கார்ந்தாள். மன்னூபியா தொட்டியிலிருந்து செம்பு வாளி நிறைய வெந்நீர் மொண்டாள்.

"மன்னூபியா," என்றாள் ரீம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "வேண்டாம்டி."

ரீமுக்கு அவளை முதலிலிருந்தே அடையாளம் தெரிந்திருக்கிறது.

"ஊத்தும்மா, என்னத்தப் பாத்துட்டு நிக்கிற?" என்றாள் லல்லா.

விளிம்பில் வெந்நீர் தளும்பியது. மன்னூபியா வாளியை இன்னும் சாய்க்கவில்லை. குனிந்திருந்த ரீமின் பிடரியில், ஆவி பட்ட ஒரு மெல்லிய கற்றை, யாரும் தொடாமலே மெல்ல மேல்நோக்கிச் சுருண்டுகொண்டிருந்தது.