அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறோம்

தன் புறாவின் தொண்டைக்குள் பார்த்துவிட்டு எழுபத்தொரு பேர் "மாஷா அல்லாஹ், என்ன அழகு!" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது பயூமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்தில் அழகு என்று சொல்ல ஒரு மண்ணும் இல்லை. கஹ்ரமானா என்ற பெட்டையின் அலகை இரண்டு விரலால் பிளந்து பிடித்து எடுத்த படம். நாக்குக்குப் பின்னால், கெட்டுப்போன பாலாடைக்கட்டி மாதிரி மஞ்சளாக ஏதோ திரண்டு வழியை அடைத்திருந்தது. கர்மூஸ் பேட்டையில் புறா வளர்க்கிற ஒருவர் பாக்கியில்லாமல் மொட்டைமாடி ஏறி வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்து, "அம்மைதான்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அம்மைக்கான மருந்தைத் தடவித் தடவி ஏழு புறா செத்தாயிற்று. கூண்டில் மிச்சம் ஐம்பத்திரண்டு. அவற்றிலும் ஐந்தாறு இரையைக் கொத்திக் கொத்திக் கீழே போட ஆரம்பித்துவிட்டன. டிராமில் சீட்டுக் கிழிக்கிற நேரம் போக பயூமிக்கு வாழ்க்கை என்று இருந்தது அந்தக் கூண்டுதான்.

அதனால்தான் இணையத்துப் புறா மன்றத்தில் கேட்போம் என்று ஷெனூதாவின் இணையக் கடைக்குப் போனான். மொராக்கோவிலிருந்து ஈராக் வரை புறாப் பைத்தியங்கள் பத்தாயிரம் பேர் கூடுகிற மன்றம் அது. ஒருவனுக்காவது தெரியாமலா போகும்?

ஐந்நூறு பிக்சல் அகலத்துக்கு மேல் ஒரு படமும் அங்கே ஏறாது. ஷெனூதா படத்தைச் சுருக்கிப் பார்த்தான். மஞ்சள் கட்டி எள்ளளவு புள்ளியாகிவிட்டது.

"அண்ணே, பறவை முழுசா வேணும்னா தொண்டை தெரியாது. தொண்டை வேணும்னா பறவையை வெட்டணும். எது வேணும்?"

"தொண்டைய்யா! பறவைய முழுசா காட்டி நான் என்ன சம்பந்தமா பேசப்போறேன்?"

ஷெனூதா தொண்டையை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றினான். எல்லாரும் செய்கிறபடி பூட்டும் போட்டான். மன்றத்தின் மகா கேவலமான வழக்கம் அந்தப் பூட்டு. ஒரு பதில் எழுதினால்தான் படம் திறக்கும். பார்ப்பதற்கு முன்பே பாராட்டியாக வேண்டும். ஆகவே ஒவ்வொருவனும் ஒரு பாராட்டைத் தயாராக வைத்திருப்பான். அதை ஒட்டிவிட்டு, படம் திறந்ததா என்றுகூடப் பார்க்காமல் அடுத்த பதிவுக்குத் தாவுவான். பதில் எண்ணிக்கை ஏற ஏறப் பட்டமும் ஏறும். 'கர்மூஸ் சிங்கம்' என்ற பெயரில் உலவிய பயூமியே தங்க உறுப்பினர்தான்.

"இது என்ன நோய், யாராவது சொல்லுங்கள்" என்று அவன் எழுதியதற்குக் கீழே வரிசையாக வந்து விழுந்தன. தங்கக் கைகள் வாழ்க. அருமையான முயற்சி. அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறோம். ஒருவன் கைதட்டுகிற பொம்மையை அனுப்பியிருந்தான். நோய் என்ற சொல்லைத் தொட்டவன் ஒருவனும் இல்லை. கடைசியில் நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தது. பதில்கள் குவிந்ததால் அவன் படம் 'இந்த வாரத்தின் சிறந்த படம்' ஆகி முகப்பில் ஏறிவிட்டதாம்.

"த்தூ! கண்ணு இருக்கா இவனுங்களுக்கு? சீழை எடுத்து சட்டம் போட்டு மாட்டியிருக்கானுங்க!"

"கத்தாதீங்கண்ணே, கடையில ஆளுங்க இருக்காங்க" என்றான் ஷெனூதா. "பழைய பதிவுல தேடிப் பாப்போம். 'மஞ்சள் தொண்டை'ன்னு போடறேன்."

ஒரே ஒரு பதிவு கிடைத்தது. போன வருடம் பஸ்ராவிலிருந்து அபூ தாஹா என்பவர் போட்டது. "சகோதரர்களே, என் குஞ்சுகளைக் காப்பாற்றுங்கள்" என்று தலைப்பு. ஷெனூதா தட்டியதும் படம் சட்டென்று திறந்துகொண்டது. அதே மஞ்சள் கட்டி.

"இது ஏன் பதில் கேக்கல?" என்றான் பயூமி.

ஷெனூதா திரையைக் கீழே நகர்த்தினான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்கண்ணே."

முதல் பதிலே கர்மூஸ் சிங்கத்தினுடையது. கண்ணுக்குக் குளிர்ச்சியான படம், அடுத்ததற்குக் காத்திருக்கிறோம். பயூமி அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். எழுதிய ஞாபகம் துளியும் இல்லை. எப்படி இருக்கும், படித்துவிட்டா எழுதினான்?

இரண்டாம் பக்கத்தில் அபூ தாஹா ஒரு மருந்துப் பெட்டியின் படம் போட்டிருந்தார். "கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன், இதுதான் மருந்து, எல்லாரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்." மனிதர் பெட்டியை மேசைமேல் வைத்துத் தூரத்திலிருந்து எடுத்து, மன்றத்தின் அளவுக்குச் சுருக்கியும் விட்டார். பச்சைக் கோடு தெரிந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எறும்பு ஊர்ந்தது. ஷெனூதா பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்துகள் கட்டம் கட்டமாக உடைந்தன. கீழே நாற்பது நன்றிகள். மருந்தின் பெயர் என்ன என்று ஒரு பயல் கேட்கவில்லை.

பயூமி தானே விசைப்பலகையை இழுத்துக்கொண்டு தனிக்கடிதம் எழுதினான். "அண்ணே, பெட்டியில பேரு தெரியல. எழுத்தா எழுதி அனுப்புங்க. இங்க உசுருங்க போய்க்கிட்டிருக்கு."

மறுநாள் காலையில் கஹ்ரமானா செத்துக் கிடந்தது. மத்தியானம் பதில் வந்திருந்தது.

"சிங்கமே, உன்னை ஞாபகம் இருக்கு. அன்னிக்கு மொதல்ல வந்தவன் நீதான். தங்க உறுப்பினர், விஷயம் தெரிஞ்ச ஆளுன்னு நம்பி உனக்குத் தனியாவும் எழுதினேன். நீ ஒரு ரோஜாப்பூ அனுப்பினே, மின்னுற ரோஜா. போகட்டும். இது அம்மை இல்லப்பா. தண்ணியில தொத்தும், தாய் ஊட்டும்போதும் தொத்தும். தண்ணித் தட்டையெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்திக் கழுவு. மருந்தை ஒரு வாரம் விடாமக் கொடு. பேரு கீழ இருக்கு."

கீழே, இருப்பதிலேயே பெரிய எழுத்தில், மருந்தின் பெயரை மூன்று தடவை எழுதியிருந்தார்.

பயூமி மருந்துக்கடைக்கு ஓடினான். அந்த வாரம் இன்னும் மூன்று போயின. எட்டாம் நாள் மிச்சமிருந்த நாற்பத்தெட்டும் இரைத்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடித்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் அவன் கடைக்குப் போய் அபூ தாஹாவுக்கு எழுத உட்கார்ந்தான். 'தங்கக் கைகள்' என்று விரல் தானாக ஆரம்பித்தது. தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அழித்தான். 'நன்றி' என்று அடித்தான். அந்தச் சொல்லை ஆயிரக்கணக்கில் கண்ட கண்ட இடத்தில் துப்பித் தீர்த்தாயிற்று, இப்போது இந்த மனிதருக்குக் கொடுக்க அதில் என்ன மிச்சம் இருக்கிறது? அதையும் அழித்தான். வெகுநேரம் கழித்து, "உங்களுக்கு எத்தனை போச்சு அண்ணே?" என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

பதில் அப்போதே வந்தது. அபூ தாஹா எண்ணிக்கை சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பெயர் எழுதியிருந்தார், நிறத்தோடு, யாருக்குப் பிறந்தது என்பதோடு. பட்டியல் திரையைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

"ரொம்ப நீளமா இருக்கே அண்ணே, பதில் போட்டு முடிச்சிரவா?" என்றான் ஷெனூதா.

"கைய எடு" என்றான் பயூமி. "நான் படிக்கணும்."