முட்டிவலிக்கு ஒரு ஜெபம்

பெரிய படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் சின்ன விரிப்பைத்தான் பார்த்திருப்பார்கள். ஓட்டலின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பின்னால் போய் ஓர் உதறு, முன்னால் வந்து ஒரு சேர்ப்பு. ஒருத்தி தன் முனைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள், மறுபடி பின்னால் போவாள். இப்படி நாள் முழுக்க முகத்துக்கு முகம் வந்து வந்து போகிற இரண்டு பெண்கள் ஒன்று ஜென்ம விரோதிகளாவார்கள், இல்லையென்றால் ஒருத்தி மனசு இன்னொருத்திக்கு அத்துப்படியாகிவிடும்.

அல்லேலூயா அக்காவும் மின்னலும் இரண்டாவது ரகம். இரண்டுமே சலவைக்கூடம் வைத்த பெயர்கள். சின்னவள் வேலையில் படு வேகம், அதனால் மின்னல். பெரியவளுக்கு மிஷின் ஓடினாலும் அல்லேலூயா, மக்கர் பண்ணி நின்றாலும் அல்லேலூயா. கேலிக்குத்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளோ அதைப் பட்டம் மாதிரி சூடிக்கொண்டாள். ஆண்டவர் பெயரைச் சொல்லாமல் தன்னை யாரும் கூப்பிட முடியவில்லையே என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

காலையில் இருவரும் சேர்ந்து மடிப்பார்கள். மதியத்துக்குமேல் மின்னல் சுடு உருளைக்குப் போவாள். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கையால் தள்ளிக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து, இஸ்திரி போட்டு வெளியே வரும் ராட்சத உருளை அது. கவனம் பிசகி விரல் உள்ளே போனால் விரல் விரலாக வெளியே வராது. அக்காவுக்கு முட்டிவலி. அதனால் மேற்பார்வையாளர் மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி, கிழிந்த துணிகளுக்குக் கையால் தையல் போடும் நாற்காலியை மதியத்துக்கு வாங்கியிருந்தாள். அந்தக் கூடத்தில் இருந்த ஒரே ஜன்னல் அந்த நாற்காலிக்குமேல்தான்.

ஒருநாள் மடித்துக்கொண்டிருக்கும்போது மின்னல் முனைகளைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லுடி. என் வாய் பூட்டுப் போட்ட வாய்."

"எனக்கு மறுபடி வலிப்பு வந்துடுச்சு. பாத்திரம் கழுவிட்டு நின்னேன். கண்ணு முழிச்சா தரையில கிடக்கேன். பொண்ணு பக்கத்துல உக்காந்து அழுதுட்டிருக்கா."

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்ததாம். தானாக நின்றுவிட்டதாம். தொலைந்தது சனியன் என்று இருந்தாளாம். இப்போது டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார்.

"உருளைகிட்ட நிக்கறப்ப வந்துட்டா என்னடி பண்ணுவே?" என்றாள் அக்கா.

"வராது. அதான் மாத்திரை போடறேன்ல. மேடத்துக்குத் தெரிஞ்சா உருளைப் பக்கமே விட மாட்டாங்க. உருளை இல்லேன்னா எனக்கு இங்க வேற என்ன வேலை இருக்கு? வீட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்ற?"

மின்னல் சிரித்தாள். "நீ ஜெபம் பண்ற ஆளு. உன் சாமியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நீ கேட்டா குடுப்பாருன்னு தோணுது. எனக்காகக் கேளுக்கா."

இத்தனை வருஷத்தில் மின்னல் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் கேட்கிறேன் என்று சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை கிடையாது. சபையில் பெண்கள் ஜெபம். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாக ஜெபக் குறிப்பு சொல்வார்கள். இதில் யாரும் வாய்விட்டு ஒத்துக்கொள்ளாத ஒரு போட்டி உண்டு. ஒருத்தி தம்பிக்கு ஆபரேஷன் என்பாள், அடுத்தவள் மருமகன் குடியைச் சொல்வாள், கூட்டம் உச்சுக்கொட்டும். அக்காவிடம் முட்டிவலியை விட்டால் வேறு சரக்கு இல்லை. அவள் முட்டி என்று ஆரம்பித்ததும் எல்லார் தலையும் பழக்க தோஷத்தில் ஆடும், பக்கத்தில் இருப்பவள் தன் முறைக்குத் தொண்டையைக் கனைத்துக்கொள்வாள்.

அன்றைக்கு முட்டியைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. நெஞ்சில் ஒரு பாரம் கிடக்கும்போது முட்டி எதற்கு?

"என்கூட வேலை செய்யற ஒரு சகோதரிக்காக ஜெபிக்கணும். பேர் வேண்டாம்."

"பேர் எதுக்கு, ஆண்டவருக்குத் தெரியும்" என்றாள் பாஸ்டரம்மா.

ஆண்டவருக்கு மட்டுமா? மின்னல் இன்று இப்படிச் சொன்னாள், அப்படிச் சிரித்தாள் என்று வருஷக்கணக்காக அந்த வட்டத்துக்குக் கதை கதையாகச் சொல்லிவைத்திருப்பவள் இவள்தான். வலிப்பு என்றதும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஐயோ, சின்ன வயசா? குழந்தை இருக்கா? எந்த மிஷின்ல நிக்கிறா? கேட்கக் கேட்க அவள் சொன்னாள். சுடு உருளையைச் சொன்னபோது ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று எல்லோரும் ஜெபித்தார்கள். அறையே அதிர்ந்தது. அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். பாஸ்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவு பாரம் சிஸ்டர்!" என்றாள். முட்டிக்காக இதுவரை ஒருத்தியும் கட்டிக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து, பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். சொன்னாள்.

"அதை நீயே வீட்ல உக்காந்து கேட்டிருக்கலாமே. கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

"நாலு பேர் சேர்ந்து கேட்டா பலம் அதிகங்க."

"அப்ப சரி" என்று அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாலு பேரில் ஒருத்தி மேற்பார்வையாளர் மேடத்தின் நாத்தனார். அக்காவுக்கு அது தெரியும். அவளுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்த நேரத்தில் அது ஞாபகத்தில் இருந்ததா, இல்லையா, இருந்தும் கண்டுகொள்ளவில்லையா என்பது மட்டும் இன்றைய தேதி வரை அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் காலையில் மேடம் இருவரையும் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். மேடம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒரு விஷயம் காதுக்கு வந்துச்சு. உனக்கு வலிப்பு இருக்காமே?"

"யார் சொன்னது? அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் மின்னல். சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்கவில்லை. இன்னும் சந்தேகம்கூட வரவில்லை அவளுக்கு.

மேடம் திரும்பினாள். "அக்கா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும். நீங்க சொல்லுங்க. உண்மையா?"

அப்போதுதான் மின்னல் அக்கா பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால், ஏற்கெனவே ஒரு தடவை காட்டிக்கொடுத்தவளை இன்னொரு தடவை காட்டிக்கொடுப்பது. இல்லை என்று சொல்லி, மதியம் அவள் உருளைக்குப் போய், அங்கே விழுந்துவிட்டால்? ஆமாம் என்று சொல்லி, நாளைக்கு அந்தக் குழந்தை பட்டினி கிடந்தால்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்கள், அந்த எறும்புக்காவது இரண்டே பக்கம்தான். ஆண்டவரே என்று அக்கா உள்ளே கூப்பிட்டாள். பதில் வரவில்லை. வெளியே துவைக்கும் மிஷின் சுற்றுகிற சத்தம்தான் கேட்டது.

"மேடம், நான் வாயைத் திறந்தது தப்பு" என்று மட்டும் வந்தது.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே. சபையில எல்லார் முன்னாடியும் சொல்லலாம், என்கிட்ட சொல்லக் கூடாதா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மின்னல், அலுத்துப்போன குரலில், "உண்மைதான் மேடம். அவங்களை விட்டுடுங்க" என்றாள்.

மேடம் நெற்றியைத் தடவிக்கொண்டாள். "உருளைப் பக்கம் இனி உன்னை நிறுத்த முடியாது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? அரை நாள் மடிக்கறதுக்கு மட்டும் ஆள் வச்சுக்க மேலே ஒத்துக்க மாட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

"என் நாற்காலி இருக்கே" என்றாள் அக்கா. தான் சொன்னது தனக்கே காதில் விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. "அவ மதியம் தைக்கட்டும். உருளைக்கு நான் போறேன்."

"உங்க முட்டி?"

"அது கிடக்கு மேடம்."

மேடம் அரை மனசாகச் சம்மதித்தாள். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு மற்றதை யோசிக்கலாம் என்றாள்.

வெளியே வந்து இருவரும் விரிப்பைக் கையில் எடுத்தார்கள். வேறு என்ன செய்வது, வேலை கிடக்கிறதே. பின்னால் போனார்கள், உதறினார்கள், முன்னால் வந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் மடிக்க வழியே இல்லாத வேலை அது.

"சுவருக்குக் காது உண்டுன்னு தெரியும். சபைக்கு வாய் உண்டுன்னு தெரியாம போச்சு" என்றாள் மின்னல்.

"உனக்கு நல்லது நடக்கணும்னுதான்டி..."

"நாற்காலி குடுத்தியே, அதையும் வெள்ளிக்கிழமை சொல்லுவியா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கண்ணாடி அறையிலிருந்து இந்த மேசை வரை நடந்த அந்த நாலு எட்டுக்குள், அதைச் சபையில் சாட்சியாக எப்படிச் சொல்வது என்று மனசு ஒரு வாக்கியத்தைக் கட்ட ஆரம்பித்திருந்தது. அந்த நினைப்பின்மீது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மின்னல் முனைகளைக் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. கூட்டத்துல கேட்டது இருக்கட்டும். நீ தனியா, வீட்ல, எனக்காக ஒரு தடவையாவது கேட்டியா?"

அக்கா யோசித்தாள். மின்னல் விஷயத்தைச் சொன்ன அன்று ராத்திரி இவள் அசதியில் தூங்கிப்போனாள். அடுத்த நாள் துணிமணி துவைத்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கூட்டத்தில் சொன்ன பிறகு, சொல்லியாயிற்று என்ற நிம்மதி. புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு தடவைகூட இல்லை.

"இல்லடி" என்றாள். பொய் சொல்லாதவள் என்று பெயரெடுத்தவள், அன்றைக்கு உண்மை சொன்னது அந்த ஒரு இடத்தில்தான்.

மின்னல் நிமிர்ந்தாள். மடித்த விரிப்பை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு நின்றாள். தாழ்போட வேறு அறை அந்த வீட்டில் இல்லை. கண்ணை மூடினாள். கூட்டத்தில் ஆறாக ஓடுகிற வார்த்தை இங்கே சொட்டுகூட வரவில்லை. என்ன கேட்பது? அவளைக் குணமாக்கும் என்றா, என்னை மன்னியும் என்றா? எதிர் நாற்காலிக்காரி மேடத்திடம் போட்டுக்கொடுத்ததால்தானே மின்னல் இனி அந்த உருளைப் பக்கம் போக வேண்டாம்? ஒருவேளை அந்தக் கை தப்பித்ததே தன் ஓட்டை வாயால்தானோ? அப்படியென்றால் செய்தது சரியா? சரி என்றால் ஏன் இப்படி வலிக்கிறது? ஒன்றும் புரியாமல் வெகுநேரம் நின்றாள். வெளியிலிருந்து வீட்டுக்காரர், "உள்ளே யாரு, நீயா, ஜெபிக்க மலைமேல ஏறின மோசேயா? நாற்பது நாள் ஆகுமா?" என்று கதவைத் தட்டினார்.

அந்த வாரம் முழுக்க மதியங்களில் அவள் உருளை முன் நின்றாள். சூட்டில் முகம் வெந்தது. முட்டி, இதுவரை வலி என்று நினைத்ததெல்லாம் வலியே இல்லை என்று பாடம் எடுத்தது. ஜன்னலுக்குக் கீழே மின்னல் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மட்டும், அக்கா நிற்கிற இடத்துக்குக் காலால் ஒரு முக்காலியைத் தள்ளிவிட்டுப் பேசாமல் போனாள். அது மன்னிப்பா, வெறும் முக்காலியா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வட்டம் நிறைந்திருந்தது. மேடத்தின் நாத்தனார் அதே நாற்காலியில், ஒன்றும் தெரியாத முகத்துடன். அக்காவின் முறை வந்ததும், வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைக்கப்போகிற ஆசை எல்லார் முகத்திலும் தெரிந்தது.

"அந்தச் சகோதரி எப்படி இருக்கா சிஸ்டர்?" பாஸ்டரம்மா முன்னால் சாய்ந்து கேட்டாள். "ஆண்டவர் என்ன செஞ்சார்? சாட்சி சொல்லுங்க."

சொல்ல எவ்வளவோ இருந்தது. நாற்காலியைக் கொடுத்ததைச் சொன்னால் இன்னொரு தடவை கட்டிக்கொள்வார்கள். அந்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அக்கா அதை விழுங்கினாள். தொண்டையில் இறங்க நேரமாயிற்று.

"எனக்கு முட்டிவலி. அதுக்கு ஜெபம் பண்ணுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இந்த வாரம் நிஜமாவே வலிக்குதும்மா."

தலைகள் பழக்க தோஷத்தில் ஆடின. பக்கத்தில் இருந்தவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் எழுந்து சத்தமாக ஜெபித்தார்கள். அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. மின்னலுக்கு அவள் வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு, சலவைக்கூடத்தில் யாரும் கூப்பிடாத பெயர். அதை மனசுக்குள் ஒரு தரம் சொன்னாள். அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல், இன்னொரு தரமும் அதையே சொன்னாள்.