பாதியில் நின்ற கரை

கிழக்கு வெளுக்கும் முன்பே கிருபாபாயின் தலையில் கருங்கல் ஏறியிருந்தது. கேரள எல்லையில், பாறசாலைக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையில், பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். சும்மாட்டுத் துணி பனியில் நனைந்து கனத்தது. கழுத்து வியர்வையில் சிமெண்டுத் தூள் ஒட்டி எரிந்தது.

போன ஐப்பசியில், துலாமழையில், இந்தக் கரைதான் உடைந்தது. கீழே இருந்த அவள் வீட்டின் மண்சுவர் சரிந்து, புருஷன் வேதமாணிக்கம் அதனடியில் செத்துப் போனான். உடைந்த இடத்தில் புதுச் சுவர் இப்போதுதான் இடுப்புயரம் வந்திருக்கிறது. அங்கே கல் வைக்கும்போது அவள் பேசுவதில்லை. பக்கத்தில் நிற்கும் சரசம்மாவும் பேச்சுக் கொடுப்பதில்லை.

கான்ட்ராக்டர் ராஜதாஸ் பைக்கை விட்டு இறங்காமலே சொன்னார்: "வேலைய நிறுத்துங்க. மத்தியானம் லாரி வரும், சிமெண்டு மிக்சரை ஏத்தணும்."

"கரை பாதியில நிக்குதே மொதலாளி!" என்றாள் சரசம்மா.

"சர்க்கார் இவ்வளவுதான் கடன் வாங்கலாம்னு டெல்லி வச்ச அளவு ஓணச் செலவோட தீந்து போச்சு. டிரெஷரியில பில்லு மாறல்ல, பைசா கைக்கு வரல்ல."

"துலாமழை பில்லு மாறுனப்பொறம்தான் வருமோ?"

"அத மழையிட்ட கேளு." ராஜதாஸ் சிரித்தார். "வரவுக்கு மேல சர்க்கார் செலவு செய்யப்பிடாது, அத அரசியல் சட்டத்திலயே எழுதணும்னு பட்டணத்து சார் ஒருத்தரு பள்ளி ஹாலில கூட்டம் போட்டு கேட்டப்போ, மொதல்ல கை தூக்கினது ஆரு? நம்ம கிருபாபாயக்காவாக்கும்!"

உண்மைதான். கடனில் ஒரு வீடு ஓடலாமா, கூடாதென்றால் நாடு மட்டும் ஓடலாமா என்று அந்த சார் கேட்டார். கடன்காரி என்ற பேருக்குப் பயந்து பட்டினி கிடந்த வீட்டில் பிறந்தவள் அவள். சர்ச் சபையில் எதைக் கேட்டாலும் கை தூக்கியே பழகியவள். கை தானாக ஏறிவிட்டது.

கிருபாபாய் சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

"தூக்கினேன்," என்றாள். "வீட்டுக் கணக்குன்னு சொன்னாரு, தூக்கினேன். எங்க வீட்டுல அவரும் அப்பிடித்தான். கடன் வாங்கப்பிடாது, பைசா சேரட்டும், பின்ன கல்லுல சுவர் கெட்டலாம்னு இருந்தாரு. மழை காத்திருக்கல்ல. அந்தக் கணக்குல மிச்சம் நிக்கது நான் ஒருத்தியாக்கும்."

ராஜதாஸின் சிரிப்பு போய்விட்டது. "எனக்கும் பேங்குல கடன் உண்டு அக்கா," என்று முனகினார்.

"அப்ப எறங்கி எங்ககூட இரிங்க," என்றாள் சரசம்மா.

அவர் பைக்கைக் கிளப்பிப் போனார்.

மிக்சர் ஓட்டும் பிரதீஷ் எஞ்சினை அணைத்தான். "லாரியில ஏத்த நான் கை வைக்கமாட்டேன்," என்றான். அவ்வளவுதான் பேச்சு. நெய்யாற்றின்கரை ஆபீசிலிருந்து கால்வாய் அதிகாரி வந்து பதில் சொல்லும்வரை, மிக்சரை ஏற்ற விடாமல் அதைச் சுற்றி உட்காருவதென்று முடிவானது.

அங்கேயே கஞ்சிக்கு உலை வைக்க அரிசி வேண்டும். சமைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசி ஒதுக்கி வைப்பது மிஷன் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். கல் சுமக்கும் வரிசையில் நின்ற ஞானபாய் அந்த அரிசித் தகரத்தை அப்படியே தூக்கி வந்தாள்.

"கர்த்தருக்குள்ளதுல்லா?" என்றாள் கிருபாபாய்.

"அவரு வேண்டாம்னா சொல்லுவாரு?"

சரசம்மாவும் வீட்டுக்குப் போய் முந்தானையில் அரிசி கொண்டுவந்தாள். "அம்பலத்துக்குப் போற எங்களுக்கு இந்தப் பழக்கம் கெடையாது. கொட்டலாமா?"

"கொட்டு மக்கா."

கிழக்கே மலைப்பக்கம் இடி முழங்கியது. வளைவில் லாரி வரும் சத்தம் கேட்டது. யாரும் எழவில்லை. கிருபாபாய் மட்டும் கொஞ்சம் நகர்ந்து, சரசம்மா உட்கார இடம் விட்டாள்.