ஐந்து மணி நிழல்

மொக்கம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் முட்டி போட்டிருந்தாள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த சிலேட்டில் ‘அஞ்சு மணி: நிழல் இல்லை’ என்று எழுதியிருந்தது. அதன் மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி.

கம்பம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சுகிர்தம் பதறிப்போனாள். “எதுக்கு சார் இந்தப் பிள்ளைய?”

“நேத்துச் சாயங்காலம் ஒரு அடிக் குச்சிய ஊண்டி நிழல அளந்துட்டு வரச் சொன்னேன்” என்றார் ஆசிரியர் சுருளியாண்டி. “ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு வந்து நிக்கிது கழுத. நீங்க எழுதுன புத்தகத்துலதான் மூணேகால் அடின்னு போட்டிருக்கே!”

போன வாரம்தான் வந்திருந்த புத்தகம். நாலாம் வகுப்புக்கான ‘செய்து பார்’. அட்டையில் சுகிர்தம், பி.எஸ்ஸி. என்று அவள் பெயர். உள்ளே புரட்டினாள். கேள்விக்குக் கீழே அவள் கோடு மட்டும்தான் போட்டுக் கொடுத்திருந்தாள். இப்போது எல்லாக் கோட்டின் மேலும் விடை அச்சாகியிருந்தது.

“நான் பொய் சொல்லல டீச்சர். மலை மறைச்சிருச்சு” என்றாள் மொக்கம்மாள்.

மேற்கே ஊரின் பிடரியிலேயே நிற்கிற மலை. தை மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் அதன் பின்னால் இறங்கிவிடும். போன வருஷம் இதே பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்துத்தான், ‘உங்கள் ஊரில் நிழல் எப்போது மறைகிறது?’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கேள்வியையே காணோம்.

புதுப் புத்தகம் வகுப்பில் எப்படி நடக்கிறதென்று பார்வையிட, கல்வி அதிகாரி சண்முகராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட்டங்களில் கேட்டாலொழிய வாய் திறக்காதவள் சுகிர்தம். இன்று புத்தகத்தை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

“விடையெல்லாம் யார் சார் போட்டது?”

“நான்தாம்மா. வாத்தியார்களுக்குச் சிரமமில்லாம இருக்கட்டும்னு. மதுரையில எங்க ஆபீஸ் மொட்டை மாடியில நானே அளந்தேன்.”

“இங்கன அளந்து காட்டுங்க சார்.”

மொக்கம்மாளையும் எழுப்பி, நாலரை மணிக்கு மைதானத்தில் குச்சியை ஊன்றினார்கள். மலையின் நிழல் கூரையைத் தாண்டி, புளியமரத்தைத் தாண்டி, மைதானத்தை மூடியது. அதிகாரியின் கடிகாரத்தில் ஐந்து ஆனபோது அவர் அடிக்கோலோடு குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏலே, சார் நிழலத் தேடுறாகடா!” ஒரு பையன் கத்த, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

அவரும் சிரித்தபடி எழுந்து மொக்கம்மாள் பக்கம் திரும்பினார். “இந்த ஊர்ல மலை இருக்குன்னு புத்தகத்தையா மாத்த முடியும்? நீ பரீட்சையில மட்டும் மூணேகால்னு எழுதிரு ஆத்தா. மார்க் வந்துரும்.”

“எழுதமாட்டா சார்.”

தன் குரல்தானா என்று சுகிர்தத்துக்கே சந்தேகமாக இருந்தது. “கண்ணால பாத்தத எழுதுனா முட்டி போடணும். பாக்காதத எழுதுனா மார்க்கு. இதச் சொல்லிக் குடுக்கவா சார் புத்தகம் எழுதுனோம்?”

சுருளியாண்டியின் பையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மொக்கம்மாளிடம் நீட்டினாள். “எட்டாம் பக்கம். விடைய அடி. அடிச்சுட்டு அடுத்த பிள்ளைகிட்டக் குடு.”

“அரசாங்கச் சொத்தும்மா! உங்ககிட்ட விளக்கம் கேப்பாக” என்று சண்முகராஜ் அதட்டினார்.

“கேக்கட்டும் சார். அட்டையில எம்பேருதான இருக்கு.”

பேனா வெகுநேரம் மொக்கம்மாளிடமே இருந்தது. எட்டிப் பார்த்தால், பக்கம் பக்கமாக எல்லா விடையையும் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் சரியா இருந்தாலும் இருக்கும், ஆத்தா.”

“இருக்கட்டும் டீச்சர்” என்றாள் அவள், நிமிராமல். “பாத்துட்டு எழுதிக்கிறேன்.”